கல்யாணமாகலைன்னு சொல்ல ஊரு யாரு?

பொம்மிடி ரயில் நிலையத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். சேலம் பக்கம் போகிற வண்டியானாலும் ஜோலார்பேட்டை பக்கம் போகிற வண்டியானாலும் மூட்டை முடிச்சோட ஏறுவது பெரும்பாலும் எங்க சனம்தான். திருப்பூர், பெங்களூர், அதையும் தாண்டினால் கடல். ஊரை விட்டுப் போனா சாதியை விட்டுப் போயிடலாம்னு ஒரு நப்பாசை. அந்த நப்பாசையை ஒரு துண்டுக் காகிதம் எப்படி நொறுக்கியது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் சித்தப்பா மகன் வளைகுடா நாடொன்றில் எலெக்ட்ரீஷியன். அதே நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணும் இவனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். பெண்ணும் நம்ம மாவட்டம்தான். ஆனால் ஊர்த்தெரு. இவன் காலனி. இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஊர்ப்பக்கமே வரவேண்டாம், அங்கேயே இந்தியத் தூதரகத்தில் 1969ஆம் வருஷத்து அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். முதலில் கேட்ட காகிதம் மணமாகாதவர் சான்று. அது சொந்தத் தாலுக்காவில் வாங்க வேண்டியது. இ-சேவையில் மனுப் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறும். பின்னாலேயே அலைந்தது நான்.

விசாரித்த அதிகாரி யார், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஆள் மாறலாம், நாற்காலி மாறாது.

"பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

"ஆகலைங்க."

"பொண்ணு எந்த ஊரு? என்ன ஆளுங்க?"

"சார், சர்டிபிகேட் பையனுக்குத்தானே?"

"தெரிஞ்சு வெச்சுக்கணும்ப்பா. நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா எங்க தலைதான் உருளும்."

நான் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் வினையாகப் போச்சு. 'அக்கம்பக்கத்து விசாரணை' ஊர்த்தெரு டீக்கடைவரை போனது. காலனிப் பையன் வெளிநாட்டிலேயே கல்யாணம் பண்ணப்போறானாம், பொண்ணு பேரைச் சொல்ல மாட்டேங்கிறாங்களாம். அந்த நகரத்தில் நர்ஸாக இருப்பது யார் வீட்டுப் பெண் என்று ஊருக்குத் தெரியாதா? நாலாம் நாள் பெண் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. அன்றைக்கு ராத்திரியே எங்க சின்னம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கச்சி ஊருக்குப் போனாங்க.

பயந்தாங்கொள்ளி என்று யாரும் சிரிக்கவேண்டாம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தது எதற்காக? ஒரு கல்யாணத்துக்காக. அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை இளவரசன் 2013 ஜூலை 4ஆம் தேதி தர்மபுரியில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். இந்த மாவட்டத்துத் தாய்க்கு இது செய்தி இல்லை, அடுத்த வாரம் தன் வீட்டுக்கு வரக்கூடியது.

சான்றோடு முடிந்ததா? இல்லை. கொடுக்கிற நோட்டீசைத் தூதரகத்துச் சுவரில் ஒட்டினால் போதாது, இந்தியாவிலும் விளம்பரம் செய்யணும் என்கிறது அந்தச் சட்டம். அப்புறம் 30 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருக்கணும். கடல் தாண்டிப் போனவனின் கல்யாணம் ஊருக்கே திரும்பி வந்து உத்தரவு கேட்கிறது! உள்நாட்டில் 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே 30 நாள்தான். எதை வைத்து ஆட்சேபிக்கலாம்? வயசு, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை. இந்தப் பட்டியலில் சாதி கிடையாது. ஆனால் சட்டத்தில் இல்லாத அந்த ஆட்சேபணைதான் அரிவாளோடு வருகிறது. வருகிறவனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது அரசு.

'நோட்டீஸ் இல்லாவிட்டால் ஏமாத்திடுவானுங்க, ரெண்டாம் கல்யாணம் நடக்கும்' என்கிறார்கள். மண்டபத்தில் சொந்தச் சாதியில் தாலி கட்டுகிறவனிடம் எந்த அரசு முன்கூட்டி நோட்டீஸ் கேட்டது? அங்கே ரெண்டாம் கல்யாணம் நடப்பதே இல்லையா? பொய் சொன்னால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் எல்லாம் எங்கள்மேல் மட்டும் ஏன்?

'ஊருக்கு வந்து சுயமரியாதைத் திருமணம் செய்யலாமே' என்றார் ஒரு தோழர். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவு பெரிய சாதனை, மறுக்கவில்லை. புரோகிதரும் வேண்டாம், நோட்டீசும் வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அது இரண்டு இந்துக்களுக்கு மட்டும். அதற்கும் இங்கே வந்து நிற்கணும். முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் முறையாகப் பதிவு செய்துகொண்டவர்கள். ஜூலையில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆச்சு. பதிவுக் காகிதம் காப்பாற்றவில்லை தோழர்.

வெளிநாட்டை மட்டும் சொர்க்கம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கூலி வேலை பார்க்கிறவன் அந்நாட்டுக் குடிமகளைக் கட்ட வேண்டுமானால் அந்த அரசின் அனுமதி வேண்டும். உயர்ந்த பாஸில் சம்பாதிக்கிறவனுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இங்கே சாதி கேட்கிற கேள்வியை அங்கே வர்க்கம் கேட்கிறது.

சாதி ஒழிய உண்மையான மருந்து கலப்பு மணமே என்று 1936இல் எழுதிய அம்பேத்கர், 1948 ஏப்ரல் 15ஆம் தேதி பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த மருத்துவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஆண்டுதோறும் அவர் சிலைக்கு மாலை போடுகிற அரசுதான் அந்த மருந்துக்கு ஊரிடம் சீட்டு வாங்கி வரச் சொல்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. மணமாகாதவர் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று ஆக்கு. ஊர்த்தெரு விசாரணையை நிறுத்து. துணையின் சாதியைக் கேட்கிற அதிகாரி மேல் நடவடிக்கை எடு. நோட்டீசை ஒட்டுவதையும் விளம்பரம் செய்வதையும் ஒழி. இணையத்தில் நோட்டீஸ் போடுவதைக் கேரளம் 2020இல் நிறுத்தியது. விரும்பினால் மட்டும் ஒட்டு என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. பெரியார் மண் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல மட்டும் என்ன தயக்கம்?

தம்பிக்குச் சான்று இரண்டு மாசம் கழித்து வந்தது. பெண்ணுக்கு வரவில்லை. அவள் மனு அவள் ஊருக்குத்தானே போகணும்? வயசு வந்த ஒரு பெண், தனக்குக் கல்யாணம் ஆகலை என்று தானே சொன்னால் செல்லாதாம். அவளை வெட்டக் காத்திருக்கிறவன் சொன்னால்தான் செல்லுமாம்.

அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் சாதியைக் கிழிக்க முடியாது, தோழர்களே.