சித்தியின் தொடையில் ஒரு பள்ளம்

எம்.எஸ். என்றால் நம்மூரில் எல்லாருக்கும் சுப்புலட்சுமி அம்மாதான். எங்கள் வீட்டில் மட்டும் அது சித்தியின் வியாதி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும். நான் பி.காம் படிப்பவன், வைத்தியம் சொல்ல வரவில்லை. ஊசி குத்திய இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சித்திக்கு கிளாட்டிராமர் அசிடேட். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற பழைய மருந்து. தினமும் 20 மி.கி., தோலுக்கு அடியில், தானே போட்டுக்கொள்ள வேண்டும். குத்திய இடம் சிவந்து, தடித்து, அரிக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு "அதெல்லாம் சகஜம்மா" என்றார்கள். சகஜம்தான். எது சகஜமில்லை என்பதையும் சொல்லியிருக்கலாமே?

போன வருஷம் ஒருநாள் சும்மா ஃபிரிட்ஜில் இருந்த ஊசிகளை எண்ணினேன் (பழக்க தோஷம்). கணக்குப்படி இரண்டு மிஞ்ச வேண்டும். ஒன்பது இருந்தது. கேட்டால் முதலில் மழுப்பினார். அப்புறம் நைட்டியை லேசாகத் தூக்கி வலது தொடையைக் காட்டினார். விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். கைக்கு வாகான இடம் என்று வாரத்தில் நாலு நாள் அங்கேயே குத்தியிருக்கிறார். அடியில் இருந்த கொழுப்பு கரைந்துவிட்டது. லிப்போஅட்ரோபி என்று பெயராம். திரும்ப நிரம்பாமலே போகலாம்.

"உசுரை விட தோல் பெருசா?" என்று பாட்டி திட்டினார். எனக்கு இதில் உடன்பாடில்லை. தோலைக் கவனிக்காததால்தான் சித்தி மருந்தையே விட ஆரம்பித்தார். ஏழு நாள் மருந்து போகவில்லை, நரம்பு டாக்டருக்கும் தெரியாது!

இப்போது ஒரு பழைய லெட்ஜரில் ஏழு பக்கம். வயிறு, இரண்டு கை, இரண்டு தொடை, இரண்டு இடுப்பு. ஓர் இடத்துக்கு வாரம் ஒரு தடவைதான் முறை வரும். அந்த இடத்துக்குள்ளும் போன வாரம் குத்திய புள்ளியை விட்டுத் தள்ளி. பள்ளத்தின் மேலோ, சிவந்த கட்டியின் மேலோ கூடவே கூடாது. ஊசியை இருபது நிமிடம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்கிறோம், சில்லென்று போனால் எரிச்சல் அதிகம். ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்தல். போட்டபின் தேய்ப்பது கிடையாது (சித்திக்கு இதுதான் கஷ்டம்), துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடம் மட்டும்.

ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் வந்தால் ஒற்றடம் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் கட்டம் கட்டி எச்சரித்தது.

இந்த மாத இருப்பு இரண்டு. டாலி ஆகிவிட்டது. இடது கை முறை வரும்போது மட்டும் "டேய், இங்க வா" என்று குரல் வரும்.