பழசான மெஷின், பழசாகாத ஆள்

காலை தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு கிண்டி என்றால் ஒரே அர்த்தம்தான்: கூட்டம் இறங்கும், சீட் கிடைக்கும். அந்தக் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர்தான், இந்தியாவிலேயே செய்த முதல் முழு அளவு எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டரைக் கட்டிய குழுவின் தலைவர் என்றால், "அப்படியா சார்?" என்பீர்கள்.

பெயர் ஆர். நரசிம்மன். 1926ல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் கணித டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1954ல் பம்பாயில் ஹோமி பாபாவின் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அணு ஆராய்ச்சி செய்கிற இடத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? அணுவைப் பற்றி யோசிப்பது ஒரு பங்கு என்றால், அதற்குக் கணக்குப் போடுவது ஒன்பது பங்கு!

கூட இருந்தவர்கள் பெரும்பாலும் பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. பையன்கள். கம்ப்யூட்டர் கட்டிய அனுபவம் ஒருத்தருக்கும் கிடையாது. புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிற புது மாப்பிள்ளை கதைதான். ஆனாலும் 1956ல் மாதிரி மெஷின் ஓடியது. 1960ல் முழு மெஷின். 2,700 வால்வுகள். மெமரி இன்றைய கணக்கில் 10 கேபி. உங்கள் பெரியப்பா தினமும் செல்போனில் அனுப்புகிற 'குட்மார்னிங்' ரோஜாப்பூ அதற்குள் நுழையாது. 1962ல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

சோகம் என்னவென்றால், பெயர் வைக்கும்போதே குழந்தைக்கு நரை விழுந்துவிட்டது. வெளியுலகம் வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குப் போயாச்சு. 1964ல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 அதே நிலையத்தில் வந்து இறங்கியது. டிஃப்ராக் ஓரங்கட்டப்பட்டது.

நரசிம்மன் ஓரங்கட்டப்படவில்லை. இடையில் இல்லினாய் பல்கலைக்கழகம் போய், அணுத்துகள்கள் குமிழ் அறையில் விட்டுச் செல்லும் தடங்களின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரே படிக்க வழி செய்தார். எழுத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல படத்துக்கும் உண்டு என்பது அவர் கட்சி. பிறகு அரசின் சி.எம்.சி. நிறுவனத்துக்கு முதல் தலைவர். 1978ல் ஐ.பி.எம். மூட்டை கட்டியபோது, அது விட்டுப்போன மெஷின்களைப் பராமரித்தது அந்த சி.எம்.சி.தான்.

ஆறு மாசம் ராத்திரி பகலாக நீங்கள் செய்த வேலையை, "புது சாஃப்ட்வேர் வாங்கியாச்சுப்பா" என்று மேனேஜர் ஒரே வார்த்தையில் குப்பையில் போட்டாரா? போனது மெஷின்தான். கற்றுக்கொண்டது உங்களிடமே இருக்கிறது. அதை எந்த மேனேஜராலும் பிடுங்க முடியாது.

கிண்டி வந்தாச்சு. உட்காருங்க.