சந்திரகாந்தக் கல் போட்டால் பால் சுரக்குமா?

"என் நாத்தனார் சந்திரகாந்தக் கல் மோதிரம் ஒன்று தந்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டால் தாய்ப்பால் நன்றாகச் சுரக்குமாமே, நிஜந்தானா? கல்லை எப்படிப் பாதுகாப்பது?" என்று கேட்டிருக்கிறார், மூன்று மாதக் கைக்குழந்தையுடன் இருக்கும் ஒரு சகோதரி. முதலில் கல்லைப் பார்ப்போம். பால் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சந்திரகாந்தம் ஃபெல்ஸ்பார் இனத்துக் கல். பொட்டாசியம் கலந்த ஃபெல்ஸ்பாரும் சோடியம் கலந்த ஃபெல்ஸ்பாரும் பாலாடை மாதிரி மெல்லிய அடுக்குகளாக அதற்குள் படிந்திருக்கும். வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறுவதால்தான், கையைத் திருப்பும்போது உள்ளே நிலா மிதப்பது போல் ஓர் ஒளி நகர்கிறது. இலங்கையில் அம்பலாங்கொடைக்குப் பக்கத்து மீட்டியாகொடை, நீல ஒளி வீசும் கல்லுக்குப் பெயர் போனது. நம் காங்கேயம் பக்கத்திலும் சந்திரகாந்தம் கிடைக்கிறது.

நிலவு பட்டால் இக்கல்லில் நீர் கசியும் என்று வடமொழிக் கவிகள் பாடி வைத்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல் கசிவதில்லை! சோதிடத்தில் சந்திரனுக்கு உரியது முத்து. முத்துக்குப் பதிலாக இதை அணிவதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இந்தக் கல் கிடைப்பதே இல்லை. அப்படியும், மனிதன் நிலவில் இறங்கியதன் நினைவாக 1970-ல் இதைத் தன் மாநில ரத்தினமாக ஏற்றுக்கொண்டது.

இனி பராமரிப்பு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, கெம்பு 9. சந்திரகாந்தமோ 6 முதல் 6.5 வரைதான். புழுதியில் இருக்கும் பொடிமணல்கூட 7! ஆகவே தூசியோடு புடைவைத் தலைப்பால் அழுத்தித் துடைக்காதீர்கள், கீறல் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தடவிக் கழுவி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். கொதிநீரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் வேண்டவே வேண்டாம். நகைக்கடையில் அதிர்வு மெஷினில் போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். இரண்டு திசைகளில் சட்டென்று பிளக்கும் இயல்புள்ள கல் இது. அம்மியிலோ குழாயிலோ இடித்தால் போச்சு! பாத்திரம் துலக்கும்போது கழற்றி, மற்ற நகைகளோடு உரசாமல் தனித் துணிப்பையில் வையுங்கள்.

வாங்கும்போதும் கவனம் தேவை. ஓப்பலைட் என்ற கண்ணாடியை இந்தப் பெயரில் விற்பார்கள். அதில் நீலம் கல் முழுவதும் ஒரே சீராகப் பரவி நிற்கும். லென்ஸில் பார்த்தால் சில சமயம் குமிழிகளும் தெரியும். அசல் கல்லில் ஒளி ஓர் இடமாக நின்று, திருப்பத் திருப்ப நகரும். 'வானவில் சந்திரகாந்தம்' என்பது லாப்ரடோரைட் என்ற வேறொரு ஃபெல்ஸ்பார். கல்லின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சரி, பாலுக்கு வருவோம். எந்தக் கல்லும் பாலைச் சுரக்க வைக்காது. குழந்தை சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பசித்தபோதெல்லாம், இரவிலும், கொடுங்கள். நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 'மோதிரம் போட்டாச்சே, சரியாகிவிடும்' என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு வாரம் என்பது ரொம்பப் பெரிசு.

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிஞ்சுத் தோலில் கீறிவிடும். கல் ஆடுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். கழன்று விழுந்தால் குழந்தையின் வாய்க்குள் போய்விடும்.

மற்றபடி, நாத்தனார் ஆசையாகக் கொடுத்ததை ஏன் பெட்டியில் பூட்ட வேண்டும்? அழகாகப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையை எடை பார்க்கத் தூக்கிப் போகும்போதும் விரலில் இருக்கட்டுமே!