காலையில் புளிக்கும் இலை



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் தர்மபுரம் என்றோர் ஊர் உண்டு. வன்னியை அறிந்தவர்கள் அறிவார்கள். அங்கிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்துவிட்டால் நண்பகல் வெயிலில் எங்கள் நெற்பயிர் வாடி நிற்கிறது. பக்கத்து வரம்பில் அறுகும் கோரையும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பசளை போடுவது நெல்லுக்கு, செழிப்பது புல்லா? இது ஏன்?"

வீட்டுத் திண்ணையில் கேட்கும் கேள்வி போலத் தோன்றுகிறது அல்லவா? இதற்குச் சரியான விடை விஞ்ஞானிகளுக்கே 1960களில்தான் கிடைத்தது.

இலை, சூரிய ஒளியின் துணையால் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகிறது. இலங்கைப் பிள்ளைகள் அந்த வாயுவைக் காபனீரொட்சைட்டு என்று படிப்பார்கள். பெயர் எதுவானாலும் வாயு ஒன்றுதான். அந்தச் சமையல் எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்காவின் பெர்க்லியில் கால்வின், பென்சன், பாஷம் ஆகியோர் 1940களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகக் கண்டறிந்தார்கள். பாசிக்குக் கதிரியக்கக் கார்பனைக் கொடுத்து, அது எந்தப் பொருளில் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். முதலில் உண்டாவது மூன்று கார்பன் கொண்ட பொருள். 1961-ல் நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பென்சனையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நெல், கச்சான், பயறு எல்லாம் இந்த மூன்று கார்பன் கூட்டம்தான்.

இங்கேதான் ஒரு குறை. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கு ருபிஸ்கோ என்று பெயர். அது மெதுவாக வேலை செய்யும். அதோடு, பிராண வாயுவையும் தவறிப்போய்ப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்ய, இலை தான் சேர்த்த கார்பனில் ஒரு பகுதியை இழக்க நேர்கிறது. வெயில் ஏற ஏறத் தவறும் கூடும். தண்ணீர் குறைந்தால் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே கரியமில வாயு வற்றும். ருபிஸ்கோ இன்னும் அதிகமாகத் தடுமாறும். தர்மபுரத்து நெல்லுக்கு நண்பகலில் நேர்வது இதுதான், சகோதரியே.

அறுகு என்ன செய்கிறது? இதை முதலில் கண்டது கரும்பிலும் சோளத்திலும். ஹவாய்த் தீவில் கோர்ட்ஷாக் குழுவினரும், ரஷ்யாவின் கசான் நகரில் கார்ப்பிலோவும், இவற்றில் முதலில் உண்டாவது நான்கு கார்பன் பொருள் என்று கண்டார்கள். பலர் பொருட்படுத்தவில்லை. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் அதன் வழியை விளக்கினார்கள். இலையின் வெளி அறையில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடிக்கிறது. அந்த நொதி பிராண வாயுவைத் தொடுவதே இல்லை. பிடித்ததை நரம்பைச் சுற்றி மாலைபோல் அமைந்த உள்ளறைக்கு அனுப்புகிறது. அங்கே வாயு நெருக்கமாகச் சேர்வதால் ருபிஸ்கோ தடுமாறுவதில்லை. துளைகளைச் சற்றே திறந்தாலும் போதும், தண்ணீரும் மிச்சம். அறுகு, கோரை, சோளம், குரக்கன், தினை, சாமை எல்லாம் இந்த வகை.

இதே சிக்கலுக்கு இன்னொரு செடி வேறு வழி கண்டிருக்கிறது. அதை நாவால் கண்டுபிடித்தவரின் கதை நம் தமிழகத்தோடும் தொடர்புடையது. தரங்கம்பாடிக்குக் கிறிஸ்தவ ஊழியராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். இலையைப் போட்டால் அதன் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்குமே, ரணகள்ளி, அதன் இலையை அவர் வெவ்வேறு நேரங்களில் சுவைத்துப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சப்பென்று இருந்தது. மாலையில் இலேசான கசப்பு. அவர் இதை எழுதியனுப்ப, 1815-ல் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

காரணம் பின்னாளில்தான் விளங்கியது. இந்தச் செடி பகலில் துளைகளை மூடிவிடுகிறது. இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவைப் புளிப்பு அமிலமாக்கி இலைக்குள் சேர்த்து வைக்கிறது. பகலில் கதவை மூடிக்கொண்டே அதை எடுத்துச் சமைக்கிறது. அன்னாசியும் கற்றாழையும் நாகதாளியும் இப்படியே. கிராமத்து அம்மாமார் கடையும் பருப்புக்கீரை இவற்றையும் விஞ்சியது. வழக்கமாக அறுகைப் போல வேலை செய்யும். தண்ணீர் இல்லையென்றால் கள்ளியின் வழியையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வழிகளும் ஒரே அறைக்குள் பின்னிக் கிடப்பதை யேல் பல்கலைக்கழகத்தார் 2022-ல் காட்டினார்கள்.

பிள்ளைகள் ஹெய்னைப் போலச் சுவைத்துப் பார்க்க வேண்டாம், ரணகள்ளியில் நச்சுப் பொருள்களும் உண்டு. செம்பருத்தி இதழை வெள்ளைத் தாளில் தேய்த்து, விடியற்காலையில் பறித்த இலையின் சாற்றில் ஒரு துளியும், மாலையில் பறித்ததில் ஒரு துளியும் விடட்டும். காலைத் துளி விழுந்த இடம் கூடுதலாகச் சிவக்கும்.

சரி, அறுகின் வித்தையை நெல்லுக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? முயல்கிறார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கி, பல நாட்டு ஆய்வாளர்கள் 2008 முதல் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். வெற்றி பெற்றால் விளைச்சல் பாதியளவு கூடலாம், தண்ணீரும் குறைவாகத் தேவைப்படும் என்பது கணக்கு. சோளத்தின் நொதிகளை நெல்லுக்குள் வைத்துவிட்டார்கள். ஆனால் நரம்பைச் சுற்றிய அந்த மாலை அறைகளைக் கட்டுவதுதான் பெரும்பாடு. இயற்கை அறுபது தடவைக்கு மேல் தனித்தனியாகச் செய்து முடித்த வேலை, மனிதன் கைக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. வேறொரு குழுவினர் அமெரிக்காவில், ருபிஸ்கோவின் தவறைச் சரிசெய்யும் பாதையைச் சுருக்கினார்கள். 2019-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி புகையிலைச் செடி வயலில் 40 விழுக்காடு வரை கூடுதலாக வளர்ந்தது. புகையிலையில் நடந்தது நெல்மணியிலும் நடக்குமா என்பது வேறு விஷயம்.

ஆகவே சகோதரியே, அடுத்த சிறுபோகத்துக்குள் அந்த நெல் உங்கள் வயலுக்கு வராது. வாய்க்காலுக்கு அருகே, தண்ணீர் உறுதியாக எட்டும் துண்டில் மட்டும் நெல்லை விதையுங்கள். நீர் வடிந்து நிற்கும் மேட்டுத் துண்டில் குரக்கனோ சோளமோ போடலாம். அவை வரம்பில் நிற்கும் புல்லின் உறவினர்கள்தானே! கோரையை மட்டும் பயிர் சிறிதாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அதனோடு போட்டி போட நெல்லால் முடியாது.