கமெரா காவல் காக்காது

மன்னாரில் வெளிநாட்டுக்காரர் வீட்டை அடையாளம் காண மதிலையோ மாபிள் தரையையோ பார்க்க வேண்டியதில்லை. கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தால் போதும். எழுத்தூர், தாழ்வுபாடு, பேசாலை எங்கே என்றாலும், வருசத்தில் மூன்று கிழமை திறந்து மிச்சக் காலம் பூட்டிக் கிடக்கும் வீடென்றால் நாலு மூலையிலும் நாலு வெள்ளைக் கமெரா இருக்கும். “கமெரா பூட்டியாச்சு, இனிப் பயமில்லை” என்ற வார்த்தையைக் கலியாண வீட்டிலும் கேட்கிறேன், செத்த வீட்டிலும் கேட்கிறேன். எந்தக் கம்பனி, எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா என்பதில்தான் வாக்குவாதம். கமெரா வீட்டைக் காக்கும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. இந்த நம்பிக்கை பிழை என்பதுதான் என் வாதம். அது பிழை மட்டுமில்லை, வீட்டுக்கு இருந்த உண்மையான காவலையும் கெடுத்துவிடுகிறது.

மன்னாரில் இரவு இரண்டு மணிக்கு ஒருவன் மதிலேறிக் குதிக்கிறான் என்று வைப்போம். கமெரா உடனே செய்தி அனுப்பும். மாரிகாலமென்றால் ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் பிற்பகல் மூன்றரை மணி. வீட்டுக்காரர் வேலைத்தலத்தில் நிற்பார், போன் லொக்கருக்குள் கிடக்கும். இலண்டன்காரருக்கு இரவு எட்டரை. அவர் போனைப் பார்க்கிறார், கள்ளனையும் காண்கிறார். பிறகு? 119 என்பது உள்நாட்டு அவசர இலக்கம், இலண்டனில் இருந்து அதை அடித்து மன்னார்ப் பொலிசைப் பிடிக்க முடியாது. கமெராவில் இருக்கும் ஒலிபெருக்கியில் “ஆர் அது?” என்று கத்தலாம். கத்துகிறவர் கடல் கடந்து இருக்கிறார் என்பது கள்ளனுக்கும் தெரியும். ஆளில்லாத வீடு என்று தெரிந்துதானே அவன் வந்தான்.

இதுவும் வருகிற செய்தியைப் பார்ப்பவரின் கதைதான். பெரும்பாலானோர் இரண்டாம் மாதத்தோடு பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். மன்னார்த் தீவின் கழுதைகளை அறியாதவர் இல்லை. அவை இரவில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரியும். ஒவ்வொரு கழுதைக்கும் ஒரு செய்தி. சோளகம் தொடங்கினால் பனையோலை ஒவ்வொன்றும் அசையும், அதற்கும் செய்தி. கமெராவின் இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்சுக்கு முன்னால் வலை கட்டும். காற்றில் ஆடும் அந்த ஒற்றை நூல் இரவு வெளிச்சத்தில் கயிறு மாதிரித் தெரியும், விடியும்வரை போன் கத்தும். கடைசியில் வீட்டுக்காரர் அலுத்துப்போய்ச் சத்தத்தை நிறுத்திவிடுவார். கள்ளன் வருகிற அன்றைக்குப் போன் ஊமையாகக் கிடக்கும்.

“அப்ப பதிவாவது இருக்குமே” என்பார்கள். இருக்குமா என்று கணக்குப் பார்ப்போம். ஒரு கமெரா செக்கனுக்கு 2 மெகாபிட் வீதம் தொடர்ந்து பதிந்தால் மணிக்கு 900 மெகாபைட், நாளொன்றுக்கு 21 கிகாபைட்டுக்கு மேல். 128 கிகாபைட் மெமரி காட் ஆறு நாளில் நிரம்பும், பிறகு பழையதை அழித்து அதன்மேல் எழுதும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா வளவைக் கூட்டிவிட்டுப் போகும் ஆள் வந்து “அண்ணை, தண்ணி மோட்டரைக் காணேல்ல” என்று சொல்லும்போது, மோட்டர் போன இரவு மெமரி காட்டில் இருக்காது. நாலைந்து நாள் கழுதைகள் மட்டும் இருக்கும்.

மெகாபிக்சல் பைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் படத்தில் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சலாவது விழ வேண்டும் என்பது இத்துறையின் சர்வதேச அளவுகோல். கடையில் சாதாரணமாக விற்கும் 4 மெகாபிக்சல் கமெராவின் படம் 2,560 பிக்சல் அகலம். அதில் வரும் அகலக்கோண லென்ஸ் ஏறக்குறைய நூறு பாகை பார்க்கும். கணக்குப் போட்டால் முகம் தெரிவது நாலு மீற்றர் சொச்சம்வரைதான். 8 மெகாபிக்சல் வாங்கினால் ஆறரை மீற்றர். காசு ஏறியதற்குக் கிடைத்த லாபம் இரண்டு மீற்றர், அதுவும் நல்ல வெளிச்சத்தில். மேல்மாடி மூலையில் பூட்டினால் கள்ளனின் தொப்பிதான் தெளிவாகத் தெரியும். அந்த 4 மெகாபிக்சலையே ஐம்பது பாகை பார்க்கும் ஒடுங்கிய லென்சோடு வாங்கிப் படலையை மட்டும் பார்க்க வைத்தால் பத்துப் பதினொரு மீற்றரில் முகம் பிடிபடும். இதை விற்கிறவர் சொல்லமாட்டார். வளவு முழுவதும் ஒரே படத்தில் தெரிவதுதான் வாங்குகிறவருக்குப் பிடிக்கும்.

அடுத்தது உப்பு. பெட்டியில் ஐபி 66, ஐபி 67 என்று போட்டிருப்பதைக் காட்டி “கடற்கரைக்கும் தாங்கும்” என்று சத்தியம் பண்ணுகிறார்கள். அந்த இலக்கங்கள் தூசிக்கும் தண்ணீருக்கும் உரியவை. 67 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணிநேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று பொருள். உப்புக்காற்று அரிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, அதற்கு உப்புத்தூவல் சோதனை என்று வேறொன்று இருக்கிறது. மன்னாரின் காற்று எப்படிப்பட்டது என்று மின்சார சபையிடம் கேளுங்கள். 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனிக் காற்றாலைக்கு 30 கோபுரம், 103.5 மெகாவாற் என்று தீவின் தென்கரையில் இடம் பிடித்தார்கள் என்றால் சும்மா இல்லை. அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. கீரிக் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக் கமெராவை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. தாங்கியின் நாலு ஆணியும் சிவந்து பொருக்குத் தட்டி, விரலால் தொட்டால் உதிர்ந்தது. வயர் பொருத்தும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. லென்சில் உப்பு மெல்லிய படலமாகப் படிந்து கிடந்தது. பகலில் அது தெரியாது, இரவு விளக்கு எரிந்ததும் படம் முழுக்கப் பால்வார்த்த மாதிரி வெளிறிவிடும். கிழமைக்கு ஒருக்கா ஈரத்துணியால் துடைத்தால் சரி. துடைக்க ஒரு ஆள் வேண்டும்.

கறண்டும் அப்படித்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், நாடு முழுவதும் இருண்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மீற்றர் பெட்டி வீட்டின் வெளிச்சுவரில்தான் இருக்கிறது, சுவிட்சை விழுத்திவிட்டால் ரவுட்டர் செத்தது, ரவுட்டரோடு நாலு கமெராவும் குருடு. ரவுட்டரின் சிம் காட்டுக்கு டேட்டா போட மறந்தாலும் அதே கதிதான்.

இதுவரை சொன்னவை தொழில்நுட்பக் குறைகள், காசு செலவழித்தால் பாதி தீரும். எனக்குக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று.

எங்கள் ஊர்களில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் எதற்காக ஆளுயரத்துக்கு மேல் அடைத்தார்கள்? கள்ளனை மறிக்கவா? ஒரு உதை தாங்காது ஓலை. கிணற்றடியில் பெண்கள் குளிப்பார்கள், முற்றத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், அதற்காக அடைத்தார்கள். இப்போது பக்கத்து வளவில் மாடி எழும்புகிறது, மாடி மூலையில் கமெரா ஏறுகிறது, அது வேலிக்கு மேலால் நேரே கிணற்றடியைப் பார்க்கிறது. படம் எங்கே போகிறது? ஸ்காபரோவில் ஒரு போனுக்கு, அதில் பாஸ்வேட் தெரிந்த மருமகனுக்கு, மகனுடைய சிநேகிதனுக்கு. இடையில் கம்பனியின் சேர்வர் வேறு இருக்கிறது. 2024 பெப்ரவரியில் வைஸ் கம்பனியின் வாடிக்கையாளர் சுமார் 13,000 பேருக்கு மற்றவர் வீட்டுக் கமெராப் படங்கள் தவறிப் போனதை அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்டது. 2016இல் மிராய் என்ற தீநிரல், பெட்டியில் வந்த பாஸ்வேட்டை மாற்றாமல் விட்ட கமெராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அவற்றை வைத்தே பல பெரிய இணையத்தளங்களை முடக்கியது. கிணற்றடியில் நிற்கும் அக்காவிடம் இதற்கெல்லாம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை அங்கே செய்யத் துணியமாட்டார்கள். செக் நாட்டில் ஒருவரின் வீட்டு யன்னலைக் கவணால் அடித்து உடைத்தார்கள். அவருடைய கமெராதான் சந்தேக நபர்கள் இருவரைக் காட்டிக்கொடுத்தது. அப்படியிருந்தும், தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பார்க்கும் கமெராவை வெறும் வீட்டுத் தேவை என்று சொல்ல முடியாதென 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இலண்டன்காரருக்கு இன்னும் கிட்டவே உதாரணம் இருக்கிறது. அயலவரின் பேச்சைத் தூரத்திலிருந்தே பதிந்த வீட்டுக் கமெராவுக்கு எதிராக 2021இல் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தனியாளின் வீட்டுத் தேவைக்கு விலக்குத் தருகிறது. சட்டம் கேட்காது என்பதற்காகச் செய்யலாமா? சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, காவலரணின் ஓட்டைக்குள்ளால் யாரோ எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வளர்ந்த சனம் நாங்கள். அந்தப் பார்வையைத் திட்டிக்கொண்டு விமானம் ஏறியவர், இன்று அதையே அயலவர் முற்றத்துக்கு அனுப்புவது எனக்கு வெட்கக்கேடாகத்தான் படுகிறது.

“ஊர்ச்சனத்தை நம்பேலாது, கள்ளனே உள்ளுக்குள்ளதான்” என்பது இதற்கு வரும் வழக்கமான பதில். கள்ளன் உள்ளூர்க்காரன் என்றே வைப்போம். அப்படியானால் அவனைத் தெரிந்தவரும் உள்ளூர்க்காரர்தானே. மன்னார்க் கரையில் இரவு மூன்று மணி என்பது ஊர் உறங்கும் நேரமில்லை. தொழிலுக்குப் போகிறவன் எழும்பிவிடுவான், அவனுக்குத் தேத்தண்ணி வைக்கிறவளும் எழும்பிவிடுவாள், மீன் எடுக்க வருகிற லொறியும் நிற்கும். யார் எந்த நேரம் எந்த ஒழுங்கையால் போனான் என்று தெரிந்த கண்கள் அவை. கூலி இல்லாமல் கிடைத்த காவல் அதுதான். அவர்களைச் சந்தேகித்துக் கமெராவைத் திருப்பிவைத்தால், “உங்கட கமெராதானே பார்க்குது, எங்களிட்ட ஏன் கேக்கிறியள்?” என்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆளில்லாத வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதை மன்னாருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது எருக்கலம்பிட்டிச் சனமும் தாராபுரத்துச் சனமும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் புத்தளம் பக்கம் போனது. மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடிய தமிழரும் பூட்டிவிட்டுத்தான் ஓடினார்கள். திரும்பி வந்தபோது பலருக்குக் கூரையும் இல்லை, நிலையும் இல்லை, கதவும் இல்லை. பூட்டு அங்கேதான் இருந்திருக்கும்.

கமெராவால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருச ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, கமெரா வைத்த இடங்களில் குற்றம் 13 வீதம் குறைந்ததாகக் கண்டது. பலன் கூடுதலாகத் தெரிந்தது கார்த் தரிப்பிடங்களில். ஒரு ஆள் நேரடியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களிலும், வெளிச்சம், காவலர் என்று மற்ற ஏற்பாடுகளோடு சேர்ந்த இடங்களிலும் விளைவு நன்றாக இருந்தது. ஆள் இருந்தால் கமெரா உதவும் என்பதுதான் அதன் சாரம்.

ஆகையால் வாங்குகிற ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் ஆளைப் பிடியுங்கள். அயல்வீட்டில் ஒருவருக்கு மாசச் சம்பளம், கைவிசேசமாக இல்லாமல் சம்பளமாகவே கொடுங்கள். கிழமைக்கு இரண்டு தரம் படலை திறந்து லைற் போட்டுப் பார்ப்பது, தண்ணி மோட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது, லென்சைத் துடைப்பது அவர் வேலை. கமெராவின் செய்தி முதலில் அவர் போனுக்குப் போகட்டும், உங்களுக்குப் பிறகு வரட்டும். மன்னார்ப் பொலிஸ் நிலையத்தின் நேரடித் தொலைபேசி இலக்கம் இருவர் போனிலும் இருக்கட்டும். அதற்குப் பிறகு இரண்டு கமெரா தாராளம்: படலைக்கு ஒடுங்கிய லென்சோடு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. ஆளுயரத்துக்குச் சற்று மேலே, கூரைக்குக் கீழே, சோளகம் நேரே அடிக்காத பக்கம். ஆணி 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். ரவுட்டருக்கும் கமெராவுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ். அசைவு கண்டால் மட்டும் பதியும்படி வைத்தால் காட் மாசக்கணக்கில் தாங்கும். பெட்டியில் வந்த பாஸ்வேட்டை அன்றைக்கே மாற்றுங்கள், ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியைத் திறக்க முன்னம் மாடியில் ஏறி, ஒவ்வொரு கமெராவும் எதைப் பார்க்கிறது என்று போனில் பாருங்கள். அயலவர் கிணற்றடி தெரிந்தால் அதை அன்றைக்கே கழற்றுங்கள். பிறகு வேலியடிக்குப் போய் அவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள்.