நீச்சற் கழகமும் பீலிக்கரையும்

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு நம்மவரால் எழுதப்படும்பொழுது, அது பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. எந்த ஆண்டில் எவர் தலைவராயிருந்தார், எந்தப் போட்டியில் எத்தனை பதக்கங்கள் கிட்டின, மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டியவர் எவர் என்பன முறையாகக் குறிக்கப்படும். வாயிலில் நிறுத்தப்பட்டவர் எவர் என்பது மட்டும் குறிக்கப்படுவதில்லை. இலங்கையின் நீச்சற் கழகங்களைப் பொறுத்தவரையில் எழுதப்படாத இந்த இரண்டாவது வரலாறே முதன்மையானது என்பது என் துணிபு. சப்ரகமுவத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த ஒருத்தி அதனை எழுதாவிடின் வேறெவர் எழுதப்போகின்றார்?

கொழும்பு நீச்சற் கழகம் 1938இல் நிறுவப்பட்டது. கொள்ளுப்பிட்டியில், கடலைப் பார்த்த வண்ணம் அமைந்த அக்கழகம் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. கழகச் சுவருக்கு அப்பால் கிடந்த கடல் யாவருக்கும் பொது. சுவருக்கு உட்பட்ட நீர் மட்டும் நிறம் பார்த்தது. இதன் எதிர்முனையில் வெள்ளவத்தைக் கடற்கரையைக் காண்கிறோம். 1940களின் தொடக்கத்தில் அங்கு உருவான கின்றோஸ் கழகம் கடலையே தடாகமாகக் கொண்டது. நீந்தக் கற்பித்தலும் மூழ்குவோரைக் காத்தலும் ஒரே பணி என்று கருதியமையால் ‘உயிர்காப்பு’ என்ற சொல்லையும் அது தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. ஒரே நகரில் ஒரு சில ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரு கழகங்களும் நீரைப் பற்றிய இருவேறு நோக்குகளின் விளைவுகள். நம் மலையகத்துக்கு வந்து சேர்ந்தது முதலாவது நோக்கு மட்டுமே.

துரைமார் தங்களுக்கெனக் கழகங்கள் கட்டினர். களனிப் பள்ளத்தாக்கிலும் திக்கோயாவிலும் றகர் ஆடினர். டென்னிசும் பில்லியர்ட்சும் ஆடினர். 1846ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் நகரத்துத் தொழிலாளர் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பொதுக் குளிப்பிடங்கள் அமைக்கச் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டத்தின் வழியெழுந்த குளிப்பிடங்களிலேதான் அந்நாட்டுத் தொழிலாளர் பிள்ளைகள் பலர் நீந்தக் கற்றனர். அதே 1840களில், அதே முடியாட்சியின் கீழ், நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடத்தி வரப்பட்டு வழிநெடுக மாண்டுகொண்டிருந்தனர். லண்டன் தொழிலாளிக்குக் குளிப்பிடம். கண்டிச் சீமைத் தொழிலாளிக்குப் பீலி. இன்றும் பீலிதான்.

எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவின் பின்புறத்தில் ஒரு சிறு தடாகம் இருந்தது. என் பாட்டனார் அங்கே தோட்டக்காரராயிருந்தவர். விடியற்காலையில் சருகு வாரி, பாசி தேய்த்து, நீர் மாற்றுவது அவர் பொறுப்பு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நீரைத் துப்புரவு செய்த மனிதர் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. ‘இறங்கினால் என்ன தாத்தா?’ என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. ‘அது துரையோட தண்ணி ஆத்தா’ என்பது அவர் விடை. அவ்விடையில் கோபமோ வருத்தமோ இருக்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுவே.

நீருக்குப் பஞ்சமில்லாத மாகாணம் எங்களுடையது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறக்கும் களுகங்கை இரத்தினபுரியைச் சூழ்ந்தோடுகிறது. களனி ஆறு கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் தொட்டுச் செல்கிறது. தெரணியகலைப் பக்கத்தில் சீதாவாக்கை ஆறு, கேகாலைப் பக்கத்தில் மகா ஓயா. இவற்றுக்கிடையே பெயரில்லா ஓடைகள் எண்ணில. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் இவ்வாறுகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் பட்ட பாட்டை நாடறியும். இத்தனை நீருக்கு நடுவே, லயத்துப் பிள்ளையொன்று பெயர் பதிந்து நீந்தப் பழகக்கூடிய இளைஞர் கழகம் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. நகரத்திலும் விடுதிகளிலும் தடாகங்கள் இல்லாமலில்லை. கித்துல்கலையில், 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத் திரைப்படத்துக்கெனப் பாலம் கட்டித் தகர்த்த அதே ஆற்றில், இன்று உல்லாசப் பயணிகள் உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்து காற்றடைத்த படகுகளிற் குதூகலிக்கின்றனர். அக்கரையிலே இறப்பர்ப் பால் வாளியுடன் நிற்கும் சிறுவனுக்கு அங்கியுமில்லை, அதை அணிவிக்கும் எண்ணம் எவருக்கும் எழுந்ததுமில்லை.

நான் எட்டாம் வகுப்பிற் படித்தபொழுது என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி ஒரு மாணிக்கக்கற் குழியில் இறந்தாள். கல் அகழ்ந்தவர்கள் போய்விட்டார்கள், குழி இருந்தது, மழை அதனை நிரப்பியது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது சேற்று நீர் தேங்கிய பள்ளமாகவே தோன்றும், அடியில் எத்தனை ஆழம் என்பது தெரியாது. குழியை மூடித் தருவதாகக் கட்டுப்பணம் செலுத்தியே அகழ்வு உரிமம் பெறவேண்டும் என்பது சட்டம் என்று பிற்காலத்திலேதான் அறிந்தேன். விறகு கட்ட வைத்திருந்த கயிற்றைக் கரையில் நின்ற சிறுவர் எறிந்தனர். அதைப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக்கூட நீர்மேல் நிற்க அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றுதான்: குழிப்பக்கம் போகாதீர்கள். அதே தவணையில் உடற்கல்விப் பாடத்தில், போட்டி நீச்சல் நான்கு வகைப்படும் என்று மனனம் செய்து பரீட்சையில் எழுதி நான் முழுப்புள்ளி பெற்றேன்.

இனி, நம்மவர் கூறும் நியாயங்களுக்கு வருவோம்.

‘சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் நீச்சற் போட்டியா?’ என்பது முதலாவது. இதனைக் கூறுபவர்கள் தோட்டத்து நிருவாகிகள் அல்லர். நம்மோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் முற்போக்கு நண்பர்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த ஒரு மக்கட்கூட்டத்திடம் விளையாட்டைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்பது அவர்கள் வாதம். வயிறு நிறையும்வரை தொழிலாளி பிள்ளைக்கு வேறெதுவும் வேண்டாம் என்று கூறுவது முற்போக்கன்று. அது துரைமார் கூறிய அதே கூற்று. குரல் மட்டும் மாறியிருக்கிறது. அப்பிள்ளையை உழைக்கும் கையாகவும் உண்ணும் வாயாகவும் மட்டுமே அது காண்கிறது. தோழியின் மரணம் ஆடம்பரக் குறைவினால் நிகழ்ந்ததா என்று நான் இவர்களைக் கேட்க விரும்புகிறேன். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்தது. அவர்களுட் பத்தில் ஒன்பது பேர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். வறியவனுக்கு நீச்சல் எதற்கு என்பவர்கள் இத்தொகையைச் சற்றே உற்று நோக்கட்டும்.

‘தடாகம் இல்லையே’ என்பது இரண்டாவது நியாயம். அதிகாரிகளுக்கு இது மிகவும் விருப்பமானது. தடாகம் கட்டும்வரை தாம் எதுவும் செய்யவேண்டியதில்லை. முதலாவது புதிய ஒலிம்பிக் விழாவின் நீச்சற் போட்டிகள் 1896இல் தடாகத்தில் நடைபெறவில்லை; கிரேக்கத்தின் குளிர்ந்த கடலில் நடைபெற்றன. 1900இல் பாரிசின் செயின் ஆற்றில் நடைபெற்றன. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளின் பின் 2024இல் பத்துக் கிலோமீற்றர்ப் போட்டிக்காக வீரர்கள் அதே ஆற்றில் மீண்டும் குதித்தனர். 1896இல் இரு தங்கங்களை வென்ற ஹங்கேரி நாட்டு அல்பிரட் ஹாயோஸ், தம் பதின்மூன்றாம் வயதில் தந்தையை டானியூப் ஆற்றுக்குப் பலிகொடுத்தவர். அதன் பின்னரே நீச்சலில் வல்லவராக வேண்டுமென உறுதிபூண்டவர். நம் தோட்டங்களிலே அவரைப் போன்று தந்தையையோ தமையனையோ ஆற்றிற் பறிகொடுத்த பிள்ளைகள் உள்ளனர். அந்த உறுதியை ஏந்திக்கொள்ள ஒரு கழகந்தான் இல்லை.

வங்காளதேசத்தார் இத்துறையிற் செய்திருப்பதை நம் கல்விமான்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. கிராமத்துக் குளங்களிலே மூங்கிலால் மேடையும் தடுப்பும் அமைத்து, அவ்வூர் இளைஞரையே ஆசிரியராக்கி, பல இலட்சம் சிறுவருக்கு அங்கே நீச்சல் கற்பிக்கப்பட்டுள்ளது. இருபத்தைந்து மீற்றர் நீந்தவேண்டும், முப்பது விநாடி மிதக்கவேண்டும், மூழ்குபவரைக் கரையில் நின்றே மீட்க அறிந்திருக்கவேண்டும், இவ்வளவே தேர்வு. மூங்கில் கேகாலை மாவட்டத்திற் கிடைக்காத பொருளா?

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இவ்விடத்தில் வல்வெட்டித்துறையை நினைவூட்டுவர். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அந்நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை வெல்ல முயன்று உயிர் நீத்தார். இவர்களது பெருமையை நானும் தலைமேற் கொள்கிறேன். ஆயினும் நம்மவர் இயல்பு ஒன்றை இங்கு சுட்டாதிருக்க முடியாது. வீரர் ஒருவர் தோன்றினால் மாலை சூட்டுகிறோம், மலர் வெளியிடுகிறோம், சிலை வைக்கிறோம். அவரிடம் பத்துப் பிள்ளைகளை அனுப்பிப் பழக்கும்படி கேட்பதில்லை. வீரன் தனித்துத் தோன்றலாம். கழகம் அவ்வாறன்று, வாரந்தோறும் வரும் ஆசிரியர், வருகைப் பதிவேடு, நேரம் அளக்கும் கடிகாரம், சென்ற மாதத்தைவிட இம்மாதம் இரண்டு விநாடி குறைந்தது என்று கூறும் ஒரு குறிப்பேடு, இவற்றால் ஆவது அது. போட்டி எனப்படுவது பிறரை வீழ்த்துவது மட்டுமன்று. தான் அளக்கப்படத் தக்கவன் என்பதை ஒரு சிறுவன் முதன்முதலாக அறிந்துகொள்ளும் இடமும் அதுவே. நம் பெற்றோர் அளக்கப்பட்டதெல்லாம் கொழுந்துத் தராசிலும் பால் அளக்கும் கொட்டிலிலுந்தான்.

கழகம் ஒன்று வேரூன்றப் பத்தாண்டேனும் ஒரு சமூகம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவேண்டும். அந்தப் பத்தாண்டு எங்களுக்கு எப்பொழுது கிடைத்தது? 1948இற் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என எங்களைப் பங்கிட்டனர். 1970களின் காணிச் சீர்திருத்தம், பஞ்சம், 1977 என ஒவ்வோர் அலைக்கும் லயங்கள் வெறுமையாயின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபொழுது மக்கள் காடுகளில் ஒளிந்தனர். அணி சேர்த்துப் பயிற்றியவர் மண்டபம் முகாமுக்குப் போய்விட, பந்து மட்டும் லயத்துக் கூரையிற் கிடந்த கதை எங்கள் ஊரிலும் உண்டு. ‘தோட்டத்தாருக்கு விளையாட்டில் நாட்டமில்லை’ என்று எழுதுவோர் இவ்வரலாற்றையும் சேர்த்து எழுதவேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கூறாது விட்டால் என் வாதம் அரைகுறையாகும். பருவமடைந்தபின் என்னை ஆற்றுக்கு விடவில்லை. பீலியிலே பாவாடையை நெஞ்சுவரை கட்டிக் குளிக்கலாம். துணி மூட்டையுடன் ஓடையைக் கடக்கலாம். வெள்ளநாளில் கொழுந்துக் கூடையுடன் ஆடும் பாலத்தில் நடக்கலாம். நீந்தப் பழகுவது மட்டும் மானக்கேடு. நீருக்கு மிக அருகில் வாழ்நாளைக் கழிப்பவளுக்கே நீச்சல் மறுக்கப்படுவதற்குத் துரைமீது பழிபோட முடியாது. இந்த வேலியை நாமே கட்டினோம்.

ஆறு ஆபத்தானது, எலிக்காய்ச்சல் வரும், அகழ்வுச் சேறு கலந்திருக்கிறது என்பர் சிலர். இது மட்டுமே மதிக்கத்தக்க தடை. இதற்கு விடை, இடத்தையும் காலத்தையும் தெரிந்தெடுப்பது. தை முதல் பங்குனி வரை எங்கள் ஓடைகள் தெளிந்து, வேகம் தணிந்து ஓடும். அகழ்வுக்கு மேற்புறமாக, மணற்படுகை உள்ள வளைவொன்றைத் தெரிந்து, இரு கரைக்கும் கயிறு கட்டி, இடுப்பளவு நீரிலே தொடங்கலாம். புண் உள்ள பிள்ளையை இறக்காதிருக்கலாம்; மேல்மலையில் மழை இருண்டால் அன்றைய பயிற்சியை நிறுத்தலாம். சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்யலாம். தோட்டக் கம்பனிகளின் பங்களாத் தடாகங்களை மழைமாதங்களில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் திறந்துவிடும்படி எழுத்தில் கேட்கலாம். மறுத்தால் அம்மறுப்பும் எழுத்திற் கிடைக்கட்டும். வரலாறு எழுதுவோருக்கு உதவும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் மலையகத்துக்குக் கலைப்பயணம் செல்கிறது. நாடகம் ஆடுகிறோம், கவியரங்கம் வைக்கிறோம், லயத்து இஸ்தோப்பிலே தேநீர் அருந்தித் திரும்புகிறோம். வருகின்ற தை விடுமுறையில் நீந்தத் தெரிந்த நால்வர் என்னோடு வரமுடியுமா என்று இவ்விதழின் வாயிலாகக் கேட்கிறேன். எனக்கு இன்னும் சரியாக நீந்தத் தெரியாது. பதிவேட்டை நான் எழுதுவேன். ஐம்பது முழக் கயிறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் எழுதவேண்டிய ஏழு பெயர்கள் வந்துவிட்டன. அவற்றுள் நான்கு பெண்பிள்ளைகளுடையவை.