மறுலோகக் கதையும் மாணவரும்

மறுலோகம் பற்றிய நாவலை மாணவர் கையிலே கொடுப்பதா, பகுத்தறிவாளர் செய்யும் காரியமா இது என்று கேட்கின்றனர் தோழர் சிலர்.

நினைத்தாலே முக்தி எனப்படும் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலே வாழ்கிறோம் நாம். மறுலோகம் இங்கே புதுச் சரக்கா? கருட புராணம் கூறுகிறது: வழியிலே வைதரணி ஆறு, சீழும் செந்நீரும் பெருகும், கடக்க வேண்டுமா, பசுவைத் தானம் கொடு! கண்ணீரிலே தொடங்கும் கதை, தட்சிணையிலே முடிகிறது.

அமெரிக்க எழுத்தாளர் கேப்ரியல் செவின் 2005இல் இளைஞருக்கென வெளியிட்ட 'எல்ஸ்வேர்' என்னும் ஆங்கில நாவலிலும் மறுலோகம் உண்டு. விபத்தில் மாண்ட 15 வயதுப் பெண், அங்கே ஆண்டுக்காண்டு இளமையாகிக் குழந்தையாகிறாள். மீண்டும் பூமிக்கு வருகிறாள். எண்ணெய்க் கொப்பரை இல்லை, எமகிங்கரர் இல்லை. இழந்த வாழ்வுக்கு ஏங்கியவள், இருக்கும் நாளை வாழக் கற்கிறாள்.

மறுபிறவிதானே இதுவும் என்பீர். ஆம்! ஆனால் அது கற்பனையென்றே கடைக்கு வருகிறது. எவரிடமும் பசு கேட்கவில்லை. கற்பனையா நமக்குப் பகை? கற்பனையை உண்மையென்று காட்டிக் காசு பறிப்பதன்றோ பகை!

தோழர்களே! கேள்வி கேட்க விடும் கதையை மாணவரிடம் கொடுங்கள். கேட்டாலே பாவம் என்னும் கதையைக் கேள்விக் கூண்டிலே ஏற்றுங்கள்!